வாயிற்படிக்கு வெளியே

எங்கள் வீட்டு முற்றத்தில் ஓர் இலைகூடக் கிடக்காது என்பது பல ஆண்டுகளாக எங்களுக்குப் பெருமையாக இருந்தது. விடியற்காலையில் ஒருவர் பெருக்க, மற்றவர் நீர் தெளிக்க, ஆறரை மணிக்குள் வாசல் பளிச்சென்று ஆகிவிடும். வீட்டுக்கு வருபவர்கள் பாராட்டாமல் போனதில்லை. பெருக்கிய இலைகள் எங்கே போயின என்று அவர்கள் யாரும் கேட்டதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை. இரும்புக் கதவைத் திறந்து ஈர்க்குச்சித் துடைப்பத்தால் நான்கு முறை வீசித் தள்ளினால், வீட்டுக்கு முன்னால் உள்ள மழைநீர் வடிகாலின் கம்பி மூடியருகே அவை போய்ச் சேரும். அதற்கு மேல் அது எங்கள் பொறுப்பன்று. வாயிற்படிக்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் ஊர். இந்தப் பாகப்பிரிவினை எத்துணைப் பிழையானது என்று தெரிந்துகொள்ள எங்களுக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. அந்த அனுபவத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்பது கணவனும் மனைவியுமாகிய இருவர். வசிப்பது சென்னையின் தென்புறத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கித் தாழ்ந்து செல்லும் ஒரு குடியிருப்புப் பகுதியில். 2004-ஆம் ஆண்டு, ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டிக் குடிவந்தோம். அப்போது முற்றம் வெறும் மண்தரை. குடிவந்த ஆண்டிலேயே நட்ட நாட்டு வாதுமைக் கன்று ஒன்று சில ஆண்டுகளில் மாடிக்கு மேலே வளர்ந்துவிட்டது. பேச்சுவழக்கில் பாதாம் மரம் என்கிறோமே, அதுதான். ஆண்டுக்கு இரு முறை இலையுதிர்க்கும் மரம் அது. உதிர்வதற்கு முன் இலைகள் பொன்னிறமாகவும் செந்நிறமாகவும் மாறி நிற்பது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் ஒவ்வோர் இலையும் உள்ளங்கையை விடப் பெரிது, தோல் போலத் தடித்தது, எளிதில் மக்காதது. வடிகால் மூடியின் மேல் நான்கு இலைகள் ஒட்டிக்கொண்டால் போதும், அது மூடி என்பது போய் அடைப்பு என்றாகிவிடும்.

2010-ஆம் ஆண்டு முற்றம் முழுவதற்கும் சிமெண்ட் தளம் போட்டோம். அதற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. மழைக்காலத்தில் கால்களோடு சேறு வீட்டுக்குள் வருகிறது. புதர் மண்டினால் பாம்பு வரும். வாங்கப்போகும் காருக்கு இடம் வேண்டும். சிமெண்ட் தளத்தில் கோலம் நன்றாக விழும். அந்த வேலையின்போது ஒரு காரியம் நடந்தது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை நண்பர்கள் அறிவார்கள். மறு ஆண்டு கட்டிய வீடு ஆதலால் எங்கள் வீட்டிலும் மாடிக்குழாய் வந்து முடியும் இடத்தில் ஜல்லி நிரப்பிய குழி ஒன்று இருந்தது. ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நாங்கள் அதைத் திறந்து பார்த்ததில்லை. கொத்தனார் வந்து, "சார், இந்தக் குழி மேடுபள்ளமா இருக்கு, மேல பூசிடவா?" என்று கேட்டார். "பூசிடுங்க" என்றோம். மாடிக்குழாயை நீட்டி, மதிலில் துளையிட்டு, தெருவுக்குத் திருப்பிவிட்டோம். ஒரே நாளில் முடிந்தது வேலை.

அன்று நாங்கள் செய்யாத கணக்கு ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் போட்டுவிடக் கூடிய கணக்குதான். சிமெண்ட் போட்ட முற்றம் ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் நீர். ஓர் இரவில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். நாம் காசு கொடுத்து வாங்கும் ஒரு லாரித் தண்ணீர் அது. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் என்று கொண்டால், அந்த முற்றத்தின் மேல் மட்டும் ஓராண்டில் விழுவது ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். மண்தரையாக இருந்தவரை அதில் ஒரு பகுதியேனும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தளம் போட்ட பிறகு அவ்வளவும் மதில் துளை வழியாக வெளியேறியது. வெளியே என்றால் எங்கே?

எதிர்வீட்டுக்கு.

எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. அந்தத் தெருவில் முதன்முதலாக எழுந்த வீடு அவருடையது. கட்டிய காலத்தில் சாலையிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும் என்பார். பிறகு சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் சாலை சில அங்குலம் உயர்ந்தது. நாங்கள் குடிவந்தபோது ஒரு படி மிஞ்சியிருந்தது. பின்னர் அதுவும் போய், சாலையிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியதாயிற்று. புதிதாகக் கட்டியவர்கள் எல்லோரும் அடித்தளத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டோம். உயர்த்தும் ஒவ்வொரு வீட்டின் நீரும் உயராத வீட்டைத் தேடிப் போகும் என்பது எவருடைய வரைபடத்திலும் இல்லை.

டீச்சரம்மாவின் முற்றம் எங்களுக்கு நேர்மாறானது. ஒரு வேம்பு, ஒரு புங்கை, இரண்டு முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி. தரையெங்கும் சருகு. தெருவின் அழகுக்கு அது களங்கம் என்று எங்களில் பலருக்கு எண்ணம். ஒரு நாள் நாங்கள் இருவருமே போய் நயமாகச் சொன்னோம்.

"டீச்சரம்மா, ஒரு ஆள் வெச்சுப் பெருக்கிட்டா நல்லா இருக்குமே. சருகுல ஏதாவது பூச்சிபொட்டு அடையப்போகுது."

அவர் சிரித்தார். "அது மண்ணுக்குப் போட்ட சோறு தம்பி. நீங்க அதைக் கொண்டுபோய்ச் சாக்கடைக்குப் போடுறீங்க."

வயதானவர் பேச்சு என்று எண்ணிக்கொண்டு திரும்பிவிட்டோம்.

2014-ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இரவு மழை பெய்தது. மறுநாள் செய்தித்தாளில் இரண்டு வரிகூட வராத சாதாரண ஐப்பசி மழை. பின்னிரவில் டீச்சரம்மா வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டு இறங்கிப் போனோம். கூடத்தில் கணுக்கால் அளவு நீர். அவர் கட்டிலின் மேல் அமர்ந்திருந்தார். மடியில் புத்தகங்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவை நனைந்துபோயிருந்தன. நாற்பது ஆண்டுகளாக வகுப்புகளுக்குக் கொண்டுபோன பழைய உரைநூல்கள், ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு. அவற்றை ஒவ்வொன்றாக எங்கள் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்து மின்விசிறியின் கீழ் விரித்து வைத்தோம். சில பிழைத்தன. சில ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமலே போயின.

காலையில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்தார். வடிகாலின் சிலாப்பைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார். உள்ளே கைவிட்டு எடுக்க எடுக்க வந்தவை பெரும்பாலும் பாதாம் இலைகள். கறுத்து, ஒன்றோடொன்று படிந்து, தோல் அடுக்குகளைப் போல. இடையிடையே பால் உறைகள். தெருவில் பாதாம் மரம் எங்களுடையது ஒன்றுதான். அவர் எங்களைக் குறைசொல்லவில்லை. அந்த மரம் யாருடையது என்று கேட்கவுமில்லை. குனிந்து, கையுறையில்லாத கையால் எடுத்துப் பாண்டில் போட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் வாயிற்படிக்கு வெளியே தள்ளியவை ஊருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு மனிதரின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. எங்கள் தூய்மையின் மறுபாதி அந்தக் கை. எங்களால் அங்கே நெடுநேரம் நிற்க முடியவில்லை.

அன்றே திருந்திவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. இலைகளைச் சில மாதங்கள் கோணிப்பையில் கட்டி வைத்தோம். பிறகு பழைய வழக்கம் மெல்லத் திரும்பியது. அடுத்த ஆண்டு, 2015 டிசம்பர் முதல் தேதி, பெருமழை வந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் பகுதி முழுவதும் நீரில் மூழ்கியது. அந்த வெள்ளத்தின் முன் எங்கள் பாதாம் இலை எம்மாத்திரம்? ஏரிகள், ஆறு, ஆக்கிரமிப்பு, சுருங்கிய சதுப்பு நிலம் என்று பேசுவதற்குப் பெரிய காரணங்கள் கிடைத்தன. எல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் பெரிய காரணங்களுக்குள் சிறிய குற்றங்கள் ஒளிந்துகொள்வது எவ்வளவு எளிது என்பதையும் அப்போதுதான் உணர்ந்தோம். 2015-க்கு எங்களிடம் சாக்கு இருந்தது. 2014-க்கு இல்லை.

வெள்ளம் வடிந்த மறு மாதம், தை பிறந்த பின், வாசக நண்பர்கள் சிலரோடு உத்திரமேரூர் போயிருந்தோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளியில் படித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துபோன செய்தி. முப்பது குடும்புகளிலிருந்து முப்பது பேரைத் தேர்ந்து, அவர்களை வாரியங்களாகப் பிரித்தார்கள். அவற்றுள் ஒன்று தோட்ட வாரியம். இன்னொன்று ஏரி வாரியம். முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணி செய்தவர்களையும், கல்வியாலும் வயதாலும் மூத்தவர்களையுமே ஆண்டு வாரியத்துக்கு அமர்த்த வேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. பதவிக்காலம் 360 நாட்கள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மீண்டும் இடமில்லை.

அது நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்களுக்கு மட்டுமான சபை என்பதை நாங்கள் மறக்கவில்லை. டீச்சரம்மாவுக்கோ அந்தத் துப்புரவுப் பணியாளருக்கோ அங்கே ஓலை எழுதியிருக்க மாட்டார்கள். பொற்காலப் பெருமை பேசுவது எங்கள் நோக்கமன்று. ஆனாலும் அந்தச் சுவரின் முன் நின்றபோது ஒன்று தெளிவாயிற்று. தோட்டமும் ஏரியும் ஒரே சபையின் இரு கைகளாக இருந்திருக்கின்றன. செடியையும் நீரையும் பார்த்துப் பழகியவனே ஊரைப் பார்க்கத் தகுந்தவன் என்று ஒரு காலத்தில் எண்ணியிருக்கிறார்கள். நாமோ தோட்டத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஏரியை அலுவலகத்திடம் ஒப்படைத்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவே ஒரு மதிலையும் எழுப்பிவிட்டோம்.

திரும்பி வந்ததும் மதிலின் உட்புறத்திலிருந்து வேலையைத் தொடங்கினோம். முற்றத்தில் பாதி சிமெண்டை உடைத்தோம். கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் தளம், மற்றது மண். பூசி மூடிய குழியைத் தோண்டிப் பார்த்தபோது ஜல்லியெல்லாம் வண்டல் ஏறிக் கல்லைப் போல இறுகியிருந்தது. எங்கள் மனையில் மேலே நான்கு அடிக்குக் களிமண். அதன் கீழே மணல். களிமண்ணோடு நின்றுபோன குழியால் பயனில்லை என்று கிணறு தோண்டும் பெரியவர் சொன்னார். மூன்று அடி விட்டத்தில் பன்னிரண்டு அடிக்கு உறை இறக்கினோம். மாடி நீர் முதலில் ஒரு சிறு தொட்டியில் வண்டலை இறக்கிவிட்டு, பிறகு உறைக்கிணற்றில் விழும். அது ஒரு தடவையில் கொள்வது ஏறத்தாழ 2,400 லிட்டர். பெருமழைக்கு அது போதாது. ஆனால் கொண்டது மண்ணுக்குள் இறங்க இறங்க அடுத்ததற்கு இடம் உண்டாகும். ஆண்டுதோறும் புரட்டாசியில் தொட்டியை வாரித் தூய்மை செய்யாவிட்டால் இதுவும் பழைய குழியைப் போல ஆகிவிடும் என்று அவர் எச்சரித்துப் போனார்.

இலைகளுக்கு டீச்சரம்மாவே ஆசிரியையாக அமைந்தார். வேப்பிலையும் புங்கையும் செடிகளின் அடியில் அப்படியே மூடாக்காகக் கிடக்கலாம். வெயில் தரையில் படாமல் காத்து, ஈரத்தை நிறுத்தி, மெல்ல மக்கும். பாதாம் இலையை அப்படி விட்டால் ஓடுகளைப் போலப் படிந்து நீரை இறங்கவிடாது. அதைக் காயவைத்து நொறுக்க வேண்டும். நொறுக்கிய சருகோடு காய்கறித் தோலைச் சேர்த்து, துளையிட்ட பீப்பாயில் அடுக்கி, புளித்த மோர் தெளித்துக் கிளறிவர வேண்டும். சருகு கூடினால் வேலை மந்தமாகும். ஈரக்கழிவு கூடினால் நாறும். எங்கள் முதல் பீப்பாய் நாறியது. இரண்டாவது பீப்பாயில், நான்கு மாதம் கழித்து, காட்டு மண்ணின் வாசனை வந்தது. 2016-ஆம் ஆண்டு நடுவண் அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகளும் இதையேதான் கூறின: தோட்டக் கழிவைத் தனியே தன் வளாகத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும், தெருவிலோ வடிகாலிலோ கொட்டவும் கூடாது, எரிக்கவும் கூடாது. சட்டமாகப் படித்தபோது பதியாதது பீப்பாயின் முன் நின்றபோது பதிந்தது.

அடுத்தது மதிலின் வெளிப்புறம். வடிகாலின் மேல் நாங்கள் கட்டியிருந்த சிமெண்ட் சரிவை உடைத்துவிட்டு, தூக்கி எடுக்கக்கூடிய சிலாப்புகளைப் போட்டோம். சரிவின் அடியில் பதினான்கு அடி நீளத்துக்கு வடிகாலை எவரும் திறக்க முடியாதபடி நாங்களே மூடி வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. துணி துவைக்கும் எந்திரத்தின் நீரை வடிகாலில் விட்டிருந்தோம். அதை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பினோம். தெருவில் ஒரு வீட்டில் கழிவுநீரையே மழைநீர் வடிகாலில் இணைத்திருந்தார்கள். எங்கள் சரிவு உடைவதைப் பார்த்த பிறகுதான் அவர்களிடம் அதைப் பேசும் தகுதி எங்களுக்கு வந்தது. இரண்டு மாதம் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள். பிறகு இணைப்பை மாற்றிவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நீர் தேங்கியது. ஏனென்று பார்க்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவார் ஏழெட்டுப் பேர் இறங்கினோம். வடிகாலின் அடித்தளத்தை வீட்டுக்கு வீடு அளந்தோம். டீச்சரம்மா வீட்டு முனையிலிருந்து கடைக்கோடிவரை வாட்டம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நடுவில் நாற்பது அடிக்கு மேல்நோக்கி இருந்தது. கட்டியபோதே நேர்ந்த பிழை. அந்த அளவுகளைக் கட்டத்தாளில் வரைந்து, மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். "தண்ணீர் தேங்குகிறது, நடவடிக்கை எடுக்கவும்" என்று முன்பு எழுதிய மனுக்கள் எங்கே போயின என்று தெரியாது. இந்தப் படத்துக்கு மட்டும் ஓர் இளம் பொறியாளர் நேரில் வந்தார். ஓராண்டும் மூன்று மாதமும் ஆனது; அந்த நாற்பது அடியையும் இடித்துத் திரும்பக் கட்டினார்கள். அலுவலகத்தைக் குறைகூறும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அதற்கு முன் நம்முடைய பதினான்கு அடியை நாம் திறந்திருக்க வேண்டும் என்பதே நாங்கள் கற்ற பாடம்.

2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்குமே, வற்றிக் கிடந்தன. தெருவில் லாரிகள் இரவும் பகலும் நின்றன. எங்கள் கிணற்றிலும் நீர் குறைந்தது, ஆனால் அற்றுப்போகவில்லை. அதை எங்கள் உறைக்கிணற்றின் சாதனை என்று சொல்ல மாட்டோம். நிலத்தடி நீருக்கு மதில் கிடையாது. எங்கள் மனையில் இறங்கியது டீச்சரம்மா கிணற்றில் ஊறியிருக்கலாம். அவர் சருகு பிடித்து வைத்தது எங்கள் கிணற்றுக்கு வந்திருக்கலாம். முன்பு அவர் வீட்டுக்குள் மேற்புறமாக நீரை அனுப்பினோம். இப்போது அடிப்புறமாக அனுப்புகிறோம். இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் இவ்வளவும்.

2021-ஆம் ஆண்டு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். பின்னர் எங்கள் தெருவுக்கு முறை வந்தபோது, அந்தச் செய்தி வெளியான நாளிதழ்ப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாள் காலையிலேயே நின்றோம். வாக்குவாதம் நடந்தது. சுரண்டிய பிறகே போட்டார்கள். டீச்சரம்மா வீட்டுக்குப் போன படிகள் திரும்ப வரவில்லை. ஆனால் அந்த வீடு இன்னும் ஓர் அங்குலம் புதையவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருவில் மறுபடியும் முழங்கால் நீர் நின்றது. தாழ்ந்த நிலத்தில் குடியேறியவர்கள் நாம். சதுப்பு நிலம் தன் இடத்தைத் தேடி வருவதைச் சருகும் உறையும் தடுத்துவிட முடியாது. ஆனால் செய்தித்தாளில் வராத சாதாரண மழைகள் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து உண்டே. அந்த மழைகளில் டீச்சரம்மாவின் கூடம் நனைவதில்லை. எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். எங்களால் கெடுக்க முடிந்ததும் அவ்வளவுதானே?

இப்போது ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக் கடைசி ஞாயிறன்று தெருவார் வடிகால் மூடிகளின் மேல் கிடப்பதை அகற்றுகிறோம், தொட்டிகளை வாருகிறோம், தூர் எடுக்க வேண்டிய இடங்களைக் குறித்து அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம். எல்லா வீட்டாரும் வருவதில்லை. வருகிறவர்களுக்கு டீச்சரம்மா வீட்டில் சுக்குக் காபி. சென்ற முறை, முழங்கால் வலியோடு வாசற்படியில் அமர்ந்தவாறு, எங்கள் பாதாம் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தம்பி, இந்த வருஷம் உங்க இலை இந்தப் பக்கம் ஒண்ணுகூட வரலையே?"

"எல்லாம் பீப்பாய்க்குப் போயிடுது டீச்சரம்மா."

"எனக்கும் ரெண்டு கூடை குடுங்க. செம்பருத்திக்குப் போடணும்."

மறுநாள் காலையில், நொறுக்கிய சருகை இரண்டு கூடைகளில் நிரப்பி, நாங்கள் இருவரும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தோம். ஒரு காலத்தில் துடைப்பத்தால் தள்ளிய அதே இலைகள்தான்.